சிவப்புத் தேதி யாருக்கு விடுமுறை?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு பிள்ளை கோலாலம்பூரிலும் இன்னொரு பிள்ளை சிங்கப்பூரிலும் மூன்றாவது பிள்ளை ஊரில் பலகாரக் கடையிலும் வேலை பார்க்கும் வீடுகள் நிறைய உண்டு. தைப்பூசம் வந்தால் மூவருக்கும் மூன்று கணக்கு. கோலாலம்பூரில் 2008 முதல் அன்று விடுமுறை. மலேசியாவின் எல்லா மாநிலங்களிலும் அப்படி இல்லை. சிங்கப்பூரில் 1968-இல் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் பொது விடுமுறை. ஆனாலும் பலகாரக் கடைக்காரப் பிள்ளைக்கு அன்று விடுப்பு கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

காரணம், நாட்காட்டியில் சிவப்பாக இருக்கும் தேதிகள் அரசு அலுவலகங்களுக்கானவை. அவற்றில், காசோலை போன்ற பணப் பத்திரங்களுக்கான 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டப்படி அறிவிக்கப்படுபவை வங்கிகளுக்கும் பொருந்தும். தனியார் கடை, உணவகம், பட்டறை ஊழியருக்கு உரிமை தருவது வேறொரு சட்டம்: 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை, சிறப்பு விடுமுறைகள்) சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், ஐந்து பண்டிகை நாட்களும் ஆக ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்கிறது அது.

அந்த ஐந்து நாட்கள் எவை என்பதில்தான் ஊழியர்களுக்கும் பங்கு உண்டு. இரு தரப்பையும் கலந்து தொழிலாளர் துறை ஆய்வாளர் குறிக்க வேண்டியவை அவை. திருக்கார்த்திகையில் தொடங்கி 21-ஆம் நாள் இழை எடுத்து (திரிச் சுடரை மாவோடு உண்டு) முடிக்கும் பிள்ளையார் நோன்பு அரசுப் பட்டியலில் கிடையாது. ஊழியர்கள் விரும்பினால் அதையோ குன்றக்குடிப் பங்குனி உத்திரத்தையோ கேட்டுப் பார்க்கலாம். பட்டியல் முடிவாவதற்கு முன்பே வாய் திறந்து கேட்க வேண்டும். பலரும் கேட்பதில்லை என்பதே என் வருத்தம்.

விடுமுறை நாளில் வேலைக்கு வரச் சொன்னால்? இரட்டைச் சம்பளம் தர வேண்டும். அல்லது அன்றைய சம்பளத்தோடு, வேறொரு நாள் சம்பளத்துடன் கூடிய மாற்று விடுப்பு தர வேண்டும். தீபாவளிக்கு முந்தைய நெருக்கடியில் அக்டோபர் 2 அன்று தேன்குழலும் சீப்புச்சீடையும் பொட்டலம் போடும் பெண்ணுக்கு நாள் சம்பளம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாற்று விடுப்பு இல்லையென்றால், அன்றைக்கு அவர் கையில் வர வேண்டியது 1,000 ரூபாய். டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து அனுப்புவது அதற்கு ஈடாகாது.

திருவிழாவுக்கு ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை இன்னொரு வகை. அறிவிப்பின் கடைசி வரிகளைப் படியுங்கள்: செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது, கருவூலங்கள் குறைந்த பணியாளர்களோடு இயங்கும், ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாள் என்று இருக்கும். அதாவது வங்கி திறந்திருக்கும். நகையை மீட்கப் போகிறவர்கள் தயங்க வேண்டாம்.

கடல் கடந்தவர்களுக்கு. மலேசியச் சட்டம் ஆண்டுக்குக் குறைந்தது 11 பொது விடுமுறைகள் தருகிறது. அன்று வேலை செய்யும், 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத மாதச் சம்பளக்காரருக்கு, அந்த நாளுக்குரிய சம்பளம் போக இரண்டு நாள் சம்பளம் கூடுதல். சிங்கப்பூரிலும் வேலைவாய்ப்புச் சட்டப்படி 11 நாட்கள்தான். தீபாவளி அதில் உண்டு. வேலை செய்தால் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் கூடுதலாகக் கிடைக்கும், அல்லது இருவரும் ஒத்துக்கொண்டால் மாற்று விடுப்பு. ஐக்கிய அரபு அமீரகத்தில் மாற்று விடுப்பு, இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு அடிப்படைச் சம்பளத்தில் பாதியாவது சேர்த்துத் தர வேண்டும். அமெரிக்காவில் தனியார் முதலாளி சம்பளத்தோடு விடுமுறை தந்தாக வேண்டும் என்று மத்தியச் சட்டமே இல்லை. எல்லாம் வேலை ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு மேலே சொன்ன வேலைவாய்ப்புச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்குத் தனி விதி: வாரம் ஒரு நாள் ஓய்வு. அவர்கள் சம்மதித்தால் அதற்குப் பதில் பணம் கொடுக்கலாம். ஆனால் 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு ஓய்வு நாளாவது கட்டாயம் கொடுக்க வேண்டும். பணம் கொடுத்தும் அந்த நாளில் வேலை வாங்க முடியாது. விமானம் ஏறும் முன்பே இதை அவர்களிடம் சொல்லி அனுப்புங்கள்.