சிமுலேஷன்: உருவகமா, பாவனையா, போலியா?

லத்தீனில் 'சிமிலிஸ்' என்றால் ஒத்தது. அதன் வழிவந்த 'சிமுலாரே' ஒன்றைப் போல நடிப்பது. ஆங்கிலத்திலும் சிமுலேஷன் வெகுகாலம் பாசாங்கைத்தான் குறித்தது. கணினி வந்த பிறகு, நிஜத்தில் நடப்பதைக் கணினியில் நடத்திப் பார்ப்பதற்கும் அதுவே பெயராகி, சொல்லுக்கு மரியாதை கூடிவிட்டது.

தமிழில் 'உருவகப்படுத்தல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாமரை போன்ற முகம் என்றால் உவமை, முகத்தாமரை என்றால் உருவகம். அணையை சிமுலேட் செய்யும் நிரல் தன்னை அணை என்று சொல்லிக்கொள்வதில்லை, அணையைப் போல நடந்துகாட்டுகிறது. அப்படியானால் அது உவமையின் பங்காளி. 'பாவனை' பொருந்தும்தான், ஆனால் இலங்கையில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் நுகர்வோர். அதனால் 'ஒப்புருவாக்கம்' என்றே நான் எழுதுகிறேன்.

அப்புறம், 'ரேர் ஈவென்ட் சிமுலேஷன்'. அரிய நிகழ்வு ஒப்புருவாக்கம்: எப்போதாவது நடப்பதைக் கணினியில் நடத்திப் பார்த்து, அதன் வாய்ப்பை மதிப்பிடுவது. 'அரிது' என்பதற்கு அபூர்வம், கடினம் என இரண்டு பொருள். இங்கே இரண்டும் வேண்டும்.

ஒரு காசை 20 முறை சுண்டினால் இருபதும் தலையாக விழும் வாய்ப்பு 10,48,576-இல் 1. இது காகிதத்திலேயே முடிகிற கணக்கு, சரி. கணினியில் சுண்டிப்பார்த்து சுமார் 10 சதவீதப் பிழைக்குள் இதை மதிப்பிட வேண்டுமானால், அது 100 தடவையாவது நிகழ வேண்டும். இருபது முறை சுண்டுவது ஒரு சுற்று என்றால், அதற்கு ஏறக்குறைய 10 கோடிச் சுற்று ஓட்டவேண்டும். அதற்குப் பதில், பத்துக்கு ஒன்பது முறை தலை விழும் கள்ளக் காசைக் கணினியிடம் கொடுங்கள். 1,000 சுற்றில் சுமார் 120, இருபதும் தலையாகத் தேறும். கள்ளத்தனத்துக்கு உண்டான கழிவையும் பிடித்துவிட வேண்டும்: தேறிய ஒவ்வொன்றையும் 1 என்று எண்ணாமல், 5/9-ஐ (நல்ல காசின் 1/2-ஐக் கள்ளக் காசின் 9/10-ஆல் வகுத்தது) இருபது முறை பெருக்கி வரும் எடையால் எண்ண வேண்டும். பத்துக் கோடியின் துல்லியம் ஆயிரத்திலேயே கிடைத்துவிடும்.

அணுக்கதிரைத் தடுக்கும் தடித்த கவசத்தைத் துளைத்து வெளியேறும் ஒன்றிரண்டு நியூட்ரான்களைக் கணக்கிட, அமெரிக்க இயற்பியலாளர் ஹெர்மன் கான் 1950 வாக்கில் இந்த உத்தியைப் பற்றி எழுதினார். ஆங்கிலத்தில் இதற்கு 'இம்பார்ட்டன்ஸ் சாம்ப்ளிங்' என்று பெயர். 'முக்கியத்துவ மாதிரியெடுப்பு' என்று நேராகப் பெயர்த்தால் ஒன்றும் விளங்காது. 'சாய்வு மாதிரியெடுப்பு' என்றால் காசைச் சாய்த்தது தெரியும்.

உண்மையில் இந்த உத்திக்கு நம் இலக்கணத்திலேயே ஒரு சொல் இருக்கிறது: போலி. அறம் என்பது அறன் ஆனாலும் பொருள் மாறாது. காசை மாற்றினாலும் விடை மாறாதது போல. ஆனால் போலி மருந்து, போலிச் சான்றிதழ் என்று கடைத்தெருவில் அதன் பெயர் கெட்டுக் கிடக்கிறது.