கவர் லெட்டர்: தமிழில் முகப்புக் கடிதம்

சுயவிபரக்கோவையோடு சேர்த்து அனுப்பும் ஒரு பக்கக் கடிதத்துக்குத் திருகோணமலையில் பேச்சில் இருக்கும் பெயர் 'கவரிங் லெட்டர்'. அது பிரித்தானிய வழக்கு. அமெரிக்க வழக்கான 'கவர் லெட்டர்', இணையத்தில் வேலை தேடத் தொடங்கிய பிறகு நம்மிடம் ஒட்டிக்கொண்டது.

'கவர்' இலத்தீனில் பிறந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். மூடுதல் என்பது அடிப்படைப் பொருள். கடிதத்தை மூடும் உறைக்கும் அதுவே பெயரானது. முத்திரை சேர்ப்பவர்கள் 'முதல்நாள் உறை' என்று சொல்வது இந்தக் கவரைத்தான். அனுப்பும் ஆவணங்களுக்கு மேலே வைத்து, இவை என்ன, எதற்காக அனுப்புகிறேன் என்று சொல்லும் கடிதம் கவரிங் லெட்டர். வேலைக்கு மட்டுமல்ல, கேள்விமனுவோடும் கணக்கறிக்கையோடும்கூட அதை வைப்பார்கள். தமிழில் ஈர்த்தல், பறித்தல் என்ற பொருளில் 'கவர்' என்றொரு வினை இருக்கிறது. 'மனதைக் கவரும் கவர் லெட்டர்' என்று தலைப்புப் போட அது வசதி, அவ்வளவுதான். இரண்டுக்கும் உறவு கிடையாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'உறைக்கடிதம்' சொல்லுக்குச் சொல் வைத்தது. உறையையும் கடிதத்தையும் குழப்பிவிடும். 'அறிமுகக் கடிதம்' என்றால் பெரிய இடத்து ஆள் ஒருவரிடம் கெஞ்சி வாங்கிவரும் கடிதம்தான் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வரும். அதிகம் புழங்குவது 'விண்ணப்பக் கடிதம்'. பிழையில்லை. ஆனால் 'விண்ணப்பம்' என்பது, அறிவித்தல் என்ற பொருளுள்ள வடசொல்லின் வழி வந்து, ஆழ்வார் பாசுரத்தில் அடியார் இறைவனிடம் வைக்கும் முறையீடாக நிற்கும் சொல். அந்தப் பணிவு இன்றும் அதைவிட்டுப் போகவில்லை. 'குடும்பத்தின் மூத்த பிள்ளையாகிய எனக்கு இவ்வேலையைத் தந்துதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுத வைப்பது அதுதான் என்பது என் எண்ணம். வேலை கொடுப்பவர் தேடுவது தன் வேலையைச் செய்து முடிக்கக்கூடிய ஒருவரை. நம் வீட்டுக் கஷ்டம் அவருடைய கேள்விக்குப் பதிலாகாது.

அதனால் நான் 'முகப்புக் கடிதம்' என்பதையே எடுப்பேன். முகப்பு என்றால் கட்டடத்தின் முன்பக்கம். உள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் காட்டி ஆளை உள்ளே கூப்பிடுவது அதன் வேலை. முழு வீட்டையும் வெளியே எடுத்துவந்து பரப்பினால் அது முகப்பாகாது. சுயவிபரக்கோவையில் உள்ளதையே வசனமாக்கித் திருப்பி எழுதும் கடிதங்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

நிலாவெளியில் ஒரு ஹோட்டலுக்கு வரவேற்பாளர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'மேற்படி பதவிக்கு விண்ணப்பிக்க விரும்புகின்றேன். நான் கடின உழைப்பாளி' என்று தொடங்கினால், வாசிப்பவர் அடுத்த கடிதத்தை எடுத்துவிடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்: 'உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் இரண்டு பருவகாலம் வேலை செய்தேன். தொலைபேசியிலும் இணையத்திலும் வரும் முன்பதிவுகளை ஒரே அட்டவணையில் பதிந்துவந்ததால், ஓர் அறையை இருவருக்குக் கொடுக்கும் சிக்கல் வரவில்லை. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விருந்தினரோடு பேசுவேன்.' மூன்றே வசனம். அந்தக் கடற்கரையில் மே முதல் செப்டெம்பர் வரை ஆட்கள் நிறையும்போது ஹோட்டலுக்கு என்ன தலைவலி என்று தெரிந்தவர் எழுதியது போல இருக்கிறது, இல்லையா? கடைசியில் எப்போது வேலைக்கு வரமுடியும், நேர்முகப் பரீட்சைக்கு எந்த இலக்கத்தில் அழைக்கலாம் என்று சொல்லி, 'தங்கள் உண்மையுள்ள' என்று முடிக்கலாம். விளம்பரம் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில் எழுதுவதே பொருத்தம். ஆளின் பெயரோ பதவியோ தெரிந்தால் அதைப் போடுங்கள். 'ஐயா/அம்மணி' என்று சாய்கோட்டோடு வரும் கடிதம் பத்து இடத்துக்குப் போனது என்பது பார்த்தவுடனே தெரியும்.

மின்னஞ்சலில் அனுப்பினால், வேறாகக் கேட்காதவரை, மின்னஞ்சலிலேயே கடிதத்தை எழுதி சுயவிபரக்கோவையை மட்டும் இணைத்தால் போதும். வெற்று மின்னஞ்சலில் இரண்டு கோப்புகளைத் தொங்கவிடும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

அரச வேலைக்கு இதெல்லாம் பெரும்பாலும் தேவைப்படாது. வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும் அறிவித்தலோடு மாதிரிப் படிவமும் இருக்கும். அதன்படி நிரப்பி, கடித உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்வார்கள். அங்கே விண்ணப்பம் என்ற சொல்லே சரி.