உதிர்வு வீதம்: ‘சர்ன்’ என்னும் தொலைத்தொடர்புச் சொல்லின் பொருளும் தமிழும்

தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் காலாண்டு அறிக்கையைக் கையில் எடுக்கும் முதலீட்டாளர், வருவாயையும் இலாபத்தையும் மொத்தச் சந்தாதாரர் எண்ணிக்கையையும் பார்த்த கையோடு இன்னோர் எண்ணைத் தேடுவார். துறையினர் அதைச் ‘சர்ன்’ என்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட காலத்தில், பெரும்பாலும் ஒரு மாதத்தில், நிறுவனத்தின் சேவையை விட்டு நீங்கியவர்கள் அக்காலத்தின் சராசரி வாடிக்கையாளர் எண்ணிக்கையில் எத்தனை சதவீதம் என்பதே அதன் பொருள். பல நாடுகளில் பரவிய பெருநிறுவனத்துக்கு இது பல அளவீடுகளுள் ஒன்றாக இருக்கலாம். ஒரு வட்டாரத்துக்குள் மட்டும் இயங்கும் நிறுவனத்துக்கோ, அதன் வலிமையையும் வளர்வதற்கு எஞ்சியுள்ள இடத்தையும் ஒருசேரக் காட்டும் எண் இதைவிட வேறில்லை என்பது என் கருத்து. இத்தனை முக்கியமான சொல் தமிழ்ச் செய்திகளில் ஒருநாள் ‘சர்ன்’ என்றும், மறுநாள் ‘வாடிக்கையாளர் இழப்பு’ என்றும், வேறொரு நாள் ‘வெளியேற்றம்’ என்றும் வருவதால், படிப்பவர் மூன்றையும் மூன்று வெவ்வேறு செய்திகளாக எடுத்துக்கொள்ள இடமாகிறது.

இச்சொல் ஆங்கிலத்தில் பால்பண்ணையில் பிறந்தது. வெண்ணெய் எடுப்பதற்காகப் பாலாடையைக் கடையும் கலத்துக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘சிரின்’ என்பது போன்ற பெயர் இருந்தது. பழைய நார்ஸ் மொழியின் ‘கிர்னா’, டச்சு மொழியின் ‘கார்னென்’ ஆகியவை அதற்கு உறவான சொற்கள். கடையும்போது பாலாடை மணிமணியாகத் திரள்வதால், தானியமணியைக் குறிக்கும் சொல்லோடு இதற்கு வேர்த்தொடர்பு உண்டு என்று கருதுவோரும் உள்ளனர். கலத்தின் பெயர் பின்னர் கடையும் செயலுக்கும், அதிலிருந்து நீரோ சேறோ கலங்கிப் புரள்வதற்கும் விரிந்தது. பங்குச்சந்தையில், தரகுக்கூலிக்காக வாடிக்கையாளரின் கணக்கில் தேவையில்லாமல் வாங்கியும் விற்றும் புரட்டுகிற முறைகேட்டுக்கும் இதே சொல் வழங்கியது. சந்தா கட்டுபவர்களை நம்பி நடக்கும் தொழில்கள் பெருகிய 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒருபுறம் ஆட்கள் வந்து சேர்வதும் மறுபுறம் விட்டுப் போவதுமாக வாடிக்கையாளர் தொகுதி ஓயாமல் கலங்கிக்கொண்டிருப்பதைக் குறிக்க அது எடுத்தாளப்பட்டது. நாளடைவில் வந்து சேரும் பாதி கழன்றுவிட, விட்டுப் போகும் பாதி மட்டுமே பொருளாக நிலைத்தது.

இந்த வரலாற்றைப் படித்ததும் ‘கடைதல்’ என்றோ ‘கடைவு’ என்றோ மொழிபெயர்க்கலாமே என்று தோன்றலாம். அது பொருந்தாது. தமிழில் கடைதல் என்பது பயன் விளையும் செயல். தயிரைக் கடைந்தால் வெண்ணெய் திரள்கிறது. பாற்கடலைக் கடைந்த கதையில் அமுதம் எழுகிறது. மரத்தைக் கடைந்தால் வழவழப்பான தூண் உருவாகிறது. ஆங்கிலச் சொல் கலக்கத்தைச் சுட்டுகிறது, தமிழ்ச் சொல் விளைச்சலைச் சுட்டுகிறது. வாடிக்கையாளர்கள் கைநழுவிப் போவதைக் கடைதல் என்றால், ஏதோ நன்மை விளைந்ததாகத் தமிழ்க் காது கேட்கும். ஒலிபெயர்ப்பிலும் ஓர் இடர் உண்டு: சிலர் எழுதுவது போல் ‘சேர்ன்’ என்று எழுதினால் ‘சேர்’ என்னும் வினை நினைவுக்கு வந்து, விட்டு நீங்கியவர்களைப் பற்றிய சொல் சேர்ந்தவர்களைப் பற்றியதாகத் தோற்றம் தருகிறது.

வழக்கில் உள்ள பிற நிகரன்களையும் எடைபோட வேண்டும். ‘இழப்பு’ என்பது கணக்கியலில் நட்டத்துக்கு உரிய சொல். ‘இந்தக் காலாண்டில் இழப்பு 2 சதவீதம்’ என்றால் பணம் போனதா, ஆள் போனதா என்று தெரியாது. ‘வெளியேற்றம்’ பிறவினையிலிருந்து பிறந்ததால், நிறுவனமே வாடிக்கையாளர்களைத் துரத்தியது போன்ற சாயலைத் தருகிறது. ‘கழிவு’ என்பதற்குக் குப்பை, தள்ளுபடி என்று வேறு வேலைகள் இருக்கின்றன. மனிதவளத் துறையில் ஊழியர்களைப் பற்றி வழங்கும் ‘விலகல்’ ஓரளவு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் அது ஒருவர் தாமாக முடிவெடுத்து விலகுவதை மட்டுமே சொல்லும். தொலைத்தொடர்பிலோ நீங்குவோர் இருவகைப்படுவர். வேறு நிறுவனத்தின் கட்டணமோ அலைவரவோ (சிக்னல்) பிடித்துப் போய் மாறுகிறவர்கள் ஒருவகை. கட்டணம் கட்டாததாலோ நெடுநாள் ரீசார்ஜ் செய்யாததாலோ நிறுவனமே இணைப்பைத் துண்டித்தவர்கள் இன்னொரு வகை. அளவீட்டில் இருவரும் அடங்குவர்.

ஆகவே மொத்த அளவீட்டுக்கு ‘உதிர்வு’ என்ற சொல்லையே நான் பரிந்துரைக்கிறேன். இலை உதிர்வு, முடி உதிர்வு என்று ஏற்கெனவே எல்லோர் வாயிலும் உள்ள சொல் அது. ஒரு தொகுதியிலிருந்து சிறிது சிறிதாக, இடைவிடாமல், ஓரளவு இயல்பாகவே குறைவது என்ற பொருள் அதில் முழுமையாக இருக்கிறது. காரணம் உள்ளிருந்து வந்ததா வெளியிலிருந்து வந்ததா என்று அது தீர்ப்பு எழுதுவதில்லை. அதற்குள் அடங்கும் இரண்டு வகைகளுக்கும் தமிழ் இலக்கணமே அழகான இணை ஒன்றைத் தருகிறது. விலகு என்பது தன்வினை, விலக்கு என்பது பிறவினை. வாடிக்கையாளர் தாமே நீங்குவது விலகல். நிறுவனம் நீக்குவது விலக்கல். ஆங்கிலத்தில் அடைமொழி சேர்த்துத்தான் பிரித்துக் காட்ட முடிகிற வேறுபாட்டைத் தமிழில் ஒரு வல்லொற்று காட்டிவிடுகிறது. வரிவிலக்கு போன்ற சொற்களோடு குழம்பாதிருக்க, ‘விலக்கு’ என்று சுருக்காமல் ‘விலக்கல்’ என்றே எழுதினால் போதும். அளவைக் குறிக்கும்போது ‘விகிதம்’ என்பதைவிட ‘வீதம்’ என்பதே சரி. இரண்டு அளவுகளின் ஒப்பீடு விகிதம், ஒரு கால அளவுக்கு இத்தனை என்பது வீதம். மாதத்துக்கா, காலாண்டுக்கா என்று சொல்லாத உதிர்வு எண்ணுக்குப் பொருளே இல்லை.

இனி, இச்சொல் ஒரு வட்டார நிறுவனத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். 5 லட்சம் வாடிக்கையாளர்களைக் கொண்ட நிறுவனம் ஒன்றில் மாத உதிர்வு வீதம் 2 சதவீதம் என்று கொள்வோம். மாதந்தோறும் 10,000 பேர் நீங்குகிறார்கள். விற்பனைப் பிரிவு மாதம் 12,000 புதிய இணைப்புகளைச் சேர்க்கிறது என்றால், நிகர வளர்ச்சி 2,000. இந்த வேகத்திலேயே வளர்ந்துகொண்டே போகலாம் என்று தோன்றும். ஆனால் தொகுதி பெருகப் பெருக அதே 2 சதவீதம் அதிகமான ஆட்களைக் குறிக்கும். தொகுதி 6 லட்சத்தை நெருங்கும்போது நீங்குவோரும் மாதம் 12,000 பேரை நெருங்குவர். வளர்ச்சி அத்துடன் நின்றுவிடும். மாதச் சேர்க்கையை உதிர்வு வீதத்தால் வகுத்தால் கிடைப்பதே அந்நிறுவனத்தின் உச்சவரம்பு. சேர்க்கையைக் கூட்டாமலே உதிர்வை 1.5 சதவீதமாகக் குறைத்தால் அந்த வரம்பு 8 லட்சமாகிறது. 1 சதவீதமாகக் குறைத்தால் 12 லட்சமாகிறது. பெருநிறுவனம் புதிய நாட்டிலோ புதிய மாநிலத்திலோ நுழைந்து சேர்க்கையைப் பெருக்கலாம். வட்டார நிறுவனத்துக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அதன் எல்லைக்குள் புதிதாகச் சேரக்கூடியவர்களின் எண்ணிக்கைக்கு ஓர் அளவு உண்டு. அதனால்தான் அதன் வளர்ச்சி வாய்ப்பைப் பற்றிப் பேசுகிறவர் எவரும் உதிர்வு வீதத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

இலாபத்தையும் இதே எண்தான் தீர்மானிக்கிறது. மாத உதிர்வு 4 சதவீதமானால் ஒரு வாடிக்கையாளர் சராசரியாக 25 மாதங்கள் தங்குவார்; 2 சதவீதமானால் 50 மாதங்கள். விளம்பரம், விற்பனைத் தரகு, சிம் அட்டை, கருவி மானியம் என்று ஒருவரைச் சேர்க்க ஆகும் செலவு, அவரிடமிருந்து பத்து மாதங்களில் சேவைச் செலவு போகக் கிடைக்கும் மிச்சத்துக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், முதல் நிலையில் நிறுவனத்துக்கு எஞ்சுவது 15 மாத மிச்சம், இரண்டாம் நிலையில் 40 மாத மிச்சம். உதிர்வு பாதியாகக் குறைந்தது. ஒரு வாடிக்கையாளரால் கிடைக்கும் பயனோ இரண்டரை மடங்குக்கு மேல் உயர்ந்தது.

வட்டார நிறுவனங்களின் வலிமை என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் உதிர்வைக் குறைக்கும் காரணங்களே என்பதைக் கவனிக்கலாம். தன் எல்லைக்குள் பெருநிறுவனத்தைவிட நெருக்கமாகக் கோபுரங்களை நட்டிருப்பது, சிற்றூர்களிலும் அலைவரவு கிடைக்கச் செய்வது, வட்டாரப் பேச்சு வழக்கிலேயே வாடிக்கையாளர் சேவை தருவது, பழுது நீக்க ஆள் விரைந்து வருவது ஆகியவை அனைத்தும் புதியவரை ஈர்ப்பதைவிட இருப்பவரை இருத்துவதில்தான் அதிகம் பயன்படுகின்றன. சொந்தமாக ஃபைபர் இழை பதித்துள்ள நிறுவனம், வீட்டு அகலப்பட்டை (பிராட்பேண்ட்) இணையத்தையும் கைபேசிச் சேவையையும் ஒரே கட்டணச் சீட்டில் தரும்போது உதிர்வு மேலும் தணிகிறது. ஒரு சேவையை மாற்ற நினைப்பவர் இரண்டையும் மாற்ற வேண்டியிருப்பதே அதற்குக் காரணம்.

அதே நேரத்தில், வட்டார நிறுவனத்துக்கே உரிய ஓர் உதிர்வும் இருக்கிறது. வாடிக்கையாளர் வேலைக்காகவோ படிப்புக்காகவோ நிறுவனத்தின் எல்லையைத் தாண்டிக் குடிபெயரும்போது, சேவையில் முழு நிறைவு கொண்டிருந்தாலும் அவர் நீங்க நேரிடும். இதை ‘இடப்பெயர்வு உதிர்வு’ என்று தனியாகப் பிரித்து எழுதுவது நல்லது. ரோமிங் உடன்பாடுகள் இதை ஓரளவு தள்ளிப்போடுகின்றன. ஆனால் வெளி எல்லையில் அவர் பயன்படுத்தும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் தரவுக்கும் வேறொரு நிறுவனத்துக்குப் பணம் தர வேண்டியிருப்பதால், அவரைத் தக்கவைத்தும் மிச்சம் குறைகிறது. இளைஞர்கள் வெளியேறிக்கொண்டேயிருக்கும் வட்டாரத்தில் இயங்கும் நிறுவனம், சேவையைத் திருத்திக் குறைக்க முடியாத இந்த உதிர்வைக் கணக்கில் எடுக்காமல் இலக்கு வைத்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

கைபேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி வந்தபின் இச்சொல்லின் எடை கூடியது. சிங்கப்பூரில் 1997இலும், அமெரிக்கக் கைபேசிச் சேவையில் 2003 நவம்பரிலும் அவ்வசதி தொடங்கியது. இந்தியாவில் 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு, பழகிய எண்ணை இழக்க மனமின்றி, பிடிக்காத நிறுவனத்திலேயே பலர் இருந்தார்கள். அந்தக் காலத்தின் குறைந்த உதிர்வைச் சேவையின் சிறப்புக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

குறைந்த உதிர்வு மட்டுமே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. சிகாகோவைத் தலைமையிடமாகக் கொண்ட யூ.எஸ். செல்லுலார், அமெரிக்காவின் வட்டாரக் கைபேசி நிறுவனங்களுள் பெயர்பெற்றதாக இருந்தது. நிலைத்த போஸ்ட்பெய்ட் வாடிக்கையாளர்களை உடையதாக இருந்தது. நாடு தழுவிய நிறுவனங்களோடு கேபிள் நிறுவனங்களும் கைபேசிச் சேவை விற்கத் தொடங்கிய பிறகு, அதில் புதிதாகச் சேர்பவர்கள் நீங்குபவர்களை ஈடுசெய்யும் அளவுக்கு வரவில்லை. போஸ்ட்பெய்ட் தொகுதி ஆண்டுதோறும் சுருங்கியது. 2025 ஆகஸ்டில் அதன் கைபேசிச் சேவை டி-மொபைலின் கைக்குப் போனது. கோபுரங்களைத் தன்னிடம் வைத்துக்கொண்ட நிறுவனம் ஆரே டிஜிட்டல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் என்று பெயர் மாறியது. மேலே சொன்ன வகுத்தல் கணக்கில் கீழே உள்ள எண்ணான உதிர்வு வீதம் சிறியதாக இருந்தாலும், மேலே உள்ள எண்ணான சேர்க்கை அதைவிட வேகமாகச் சுருங்கினால் உச்சவரம்பு தாழும் என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

அறிக்கைகளில் வரும் உதிர்வு எண்ணைப் படிக்கும்போது சில இடங்களில் நின்று நிதானிக்க வேண்டும். பிரீபெய்ட், போஸ்ட்பெய்ட் இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகத் தந்திருந்தால் அது எதையும் தெளிவாகச் சொல்லாது. ஒப்பந்தமும் மாதச் சீட்டும் இல்லாத பிரீபெய்ட் பயனர் சொல்லாமல் போய்விடுவார், அவர் எப்போது நீங்கினார் என்பதை நிறுவனம் தானே வகுத்துக்கொண்ட விதியால்தான் முடிவுசெய்கிறது. ரீசார்ஜ் செய்யாமல் 60 நாள் கழிந்தால் நீங்கியவர் என்று ஒரு நிறுவனமும் 90 நாள் என்று இன்னொன்றும் வைத்திருந்தால், அவற்றின் உதிர்வு எண்களை ஒப்பிடுவது வீண். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் மொத்த இணைப்புகளோடு, வி.எல்.ஆர். பதிவேட்டின்படி (வலையமைப்பில் அப்போது இணைந்துள்ள கைபேசிகளைப் பதியும் ஏடு) செயல்பாட்டில் உள்ள இணைப்புகளையும் தனியே வெளியிடுவது இந்தக் குழப்பத்தைக் குறைக்க உதவுகிறது. மாத வீதத்தைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டு வீதமாக்குவதும் பிழை. மாதம் 2 சதவீதம் உதிர்ந்தால், தொடக்கத்தில் இருந்தவர்களில் ஆண்டு முடிவில் நீங்கியிருப்பவர்கள் ஏறத்தாழ 21.5 சதவீதமே தவிர, 24 சதவீதம் அல்லர்.

புதிதாகச் சேர்ந்தவர்களே முதல் மாதங்களில் அதிகம் உதிர்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சலுகை அறிவித்து ஒரே காலாண்டில் பெருந்திரளாக ஆள் சேர்த்த நிறுவனத்தின் உதிர்வு, சலுகை முடியும் அடுத்த காலாண்டில் உயரும். அதை மட்டும் பார்த்து நிறுவனம் சரிகிறது என்று எழுதுவது தவறு. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வாடிக்கையாளர்களைக் கட்டிவைத்திருப்பதால் இப்போது குறைவாகத் தோன்றும் உதிர்வை நிலையான வலிமையாக எழுதுவதும் அதே அளவு தவறு.

இச்சொல்லிலிருந்து பிறக்கும் தொடர்களையும் முடிவுசெய்துகொண்டால் எழுதுவது எளிதாகும். ஆட்களை எண்ணினால் வாடிக்கையாளர் உதிர்வு. அவர்களால் குறைந்த பணத்தை எண்ணினால் வருவாய் உதிர்வு. அதிகம் செலவிடும் சிலர் நீங்கினால் முதலாவது சிறியதாகவும் இரண்டாவது பெரியதாகவும் இருக்கும் என்பதால், இரண்டையும் ஒரே சொல்லால் எழுதக் கூடாது. உதிர்வின் எதிர்ச்சொல்லாகத் ‘தக்கவைப்பு’ ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. அதை மாற்றத் தேவையில்லை. வேறு நிறுவனத்துக்கு எண்ணோடு மாறுவதைப் பேச்சில் ‘போர்ட் பண்ணுதல்’ என்கிறார்கள், எழுத்தில் ‘எண் பெயர்வு’ என்று சொல்லலாம். செய்தியாளர்கள் முதல் சில முறை ‘உதிர்வு வீதம், அதாவது சர்ன்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதினால் வாசகர்களுக்குப் பழகிவிடும்; பிறகு தமிழ்ச் சொல் தனியாகவே நிற்கும்.