அலர்ட் வேறு, வார்னிங் வேறு

மழை வலுத்தால் டிவியில் 'குமரி மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை' என்று ஓட ஆரம்பித்துவிடும். குளச்சல் பக்கம் கோயில் மைக்கில் 'கடலுக்குப் போக வேண்டாம்' என்று சொல்வதும் எச்சரிக்கைதான். "இப்ப எந்த எச்சரிக்கை மக்களே, போலாமா கூடாதா?" என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி.

வானிலைத் துறையின் வண்ணக் கணக்கில் மஞ்சள் 'வாட்ச்', ஆரஞ்சு 'அலர்ட்', சிவப்பு 'வார்னிங்'. கவனித்துக்கொண்டிரு, தயாராக இரு, செயலில் இறங்கு. நம் மொழிபெயர்ப்பாளர்கள் மூன்றையும் 'எச்சரிக்கை' என்ற ஒரே பானையில் போட்டுவிட்டார்கள்.

அலர்ட், இத்தாலிய 'அல்லெர்தா'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. காவல் மேட்டில் ஏறி நில் என்று காவலாளிக்குச் சொன்னது. வார்ன் பழைய ஆங்கிலச் சொல். சரி, இலக்கணத்துக்கு வருவோம். அலர்ட் பெயர், வினை, பெயரடை என மூன்றாகவும் நிற்கும், ஆள் இருக்கும் நிலையையும் சொல்லும். வார்ன் வினை, வார்னிங் அதன் பெயர். ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பது. 'போகாதே' என்று வார்ன் பண்ணலாம், 'போகாதே' என்று அலர்ட் பண்ண முடியாது. இது போதாதா?

'எச்சரிக்கையாக இரு' என்கிறோமே, அலர்ட்டும் அதில் அடங்காதா என்பார்கள். அடங்கியதுதான், கன்னடத்தில் 'எச்சர' என்றால் இன்றும் விழித்திருப்பது. ஆனால் அமைச்சர் முதல் வட்டிக்காரர் வரை எல்லாரும் 'எச்சரிக்கை விடுத்து' விடுத்து அந்தச் சொல்லில் மிரட்டல்தான் மிஞ்சியிருக்கிறது.

இதைவிட மோசம், அலர்ட்டுக்கு 'விழிப்புணர்வு அறிவிப்பு' என்று இப்போது கிளம்பியிருப்பது. விழிப்புணர்வு என்பது டெங்குவுக்கும் ஹெல்மெட்டுக்கும் ஊர்வலம் போய் நிதானமாக ஊட்டுவது, அதற்கு நாள் பிடிக்கும். நாளைக்கு மழை கொட்டப்போகிறது என்று சொல்லும்போது எந்த உணர்வை ஊட்டப் போகிறார்கள்? நான்கு எழுத்து கூட்டினால் தூய தமிழ் ஆகிவிடும் என்ற நினைப்பு. வாலை நறுக்கி 'விழிப்பு' என்று நிறுத்தினாலே அலர்ட் வந்துவிடுகிறது. பேச்சில் 'உஷார்' இருக்கிறது, பாரசீகத்திலிருந்து வந்தது, பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அறிவிப்பில் தமிழே இருக்கட்டும்.

மஞ்சள் கவனம், ஆரஞ்சு விழிப்பு, சிவப்பு எச்சரிக்கை. 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயலாக வலுத்தபோது நம் ஆட்கள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். அதைப் பார்த்த கரையில், எச்சரிக்கை என்ற சொல்லை 'போகாதே' என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். நேற்றும் ஒரு செய்தியில் 'முன்னெச்சரிக்கையாக எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது' என்று வாசித்தார்கள்.