அடுத்தவர் சாப்பாடு மட்டும் ஏன் நாறுகிறது?

வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "எங்கள் அலுவலகத்தில் வேறு நாட்டிலிருந்து வந்த ஒருவர் வேலை செய்கிறார். மதியம் அவர் டப்பாவைத் திறந்ததுமே பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்கள். அவரோ ரசித்து, ருசித்துச் சாப்பிடுகிறார். அவருக்கு அந்த நாற்றம் தெரியவே தெரியாதா? இல்லை, அவர் நாக்கே வேறு மாதிரியா?"

நல்ல கேள்வி. எழுந்து போகாமல் உட்கார்ந்து யோசித்ததற்காகவே அவருக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

நாக்கை முதலில் முடித்துவிடுவோம். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (தக்காளி போன்றவற்றில் இருக்கும் ஒருவகைச் சுவை) என்று நாக்குக்குத் தெரிந்தவை ஐந்தே ஐந்து. நாக்கின் நுனியில் இனிப்பு, கடைசியில் கசப்பு என்று பள்ளிக்கூடத்தில் ஒரு படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். அதை மறந்துவிடலாம். 1901இல் ஜெர்மனியில் வெளிவந்த ஓர் ஆய்வைப் பின்னால் வந்தவர்கள் தவறாகப் புரிந்துகொண்டு வரைந்த படம் அது. சுவை மொட்டுகள் இருக்கும் எல்லா இடத்திலும் ஐந்து சுவையும் தெரியும். நாக்கில் கொஞ்சம் சர்க்கரையை வைத்தாலே பொய் என்று தெரிந்துவிடும் ஒன்றை இத்தனை பத்தாண்டுகள் பாடப் புத்தகத்தில் வைத்திருந்தோம் என்பது எனக்கு இன்னமும் ஆறாத வருத்தம்.

நாக்குக்கு நாக்கு வித்தியாசமே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. 1931இல் அமெரிக்காவில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஆய்வகத்தில் பி.டி.சி. என்ற தூளைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் "ஐயோ, என்ன கசப்பு" என்றார். ஃபாக்ஸுக்கோ எந்தச் சுவையும் தெரியவில்லை. இருவரும் அந்தத் தூளை நேராகவே வாயில் போட்டுப் பார்த்தார்கள். அப்போதும் அப்படியே. இதற்குப் பின்னால் இருக்கும் மரபணு 2003இல் அடையாளம் காணப்பட்டது. முட்டைக்கோஸ் வகையறாக்கள் சிலருக்கு அதிகமாகக் கசப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் கசப்பு கூடுவதும் குறைவதும் ஒரே நாட்டுக்குள், ஒரே வீட்டுக்குள் கூட நடக்கிறது. ஒரு நாட்டுச் சமையல் முழுவதையும் இன்னொரு நாட்டுக்காரர் வெறுப்பதற்கு அது போதாது.

சரி, அப்படியானால் என்னதான் வேறு? இங்கேதான் மூக்கு வருகிறது. அதிலும் நமக்குத் தெரிந்த முன்வாசல் இல்லை, பின்வாசல்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பழ வாசனை உள்ள மிட்டாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயில் போட்டு மெல்லுங்கள். இனிக்கும், கொஞ்சம் புளிக்கும், அவ்வளவுதான். ஆரஞ்சா, ஸ்ட்ராபெரியா என்று எவ்வளவு முயன்றாலும் சொல்ல முடியாது. இப்போது மூக்கை விட்டுவிட்டு மூச்சை வெளியே விடுங்கள். சட்டென்று வாய் முழுக்க ஆரஞ்சு. மிட்டாய் அதே இடத்தில்தான் இருக்கிறது, நாக்கிலும் எதுவும் மாறவில்லை. ஆனாலும் ஆரஞ்சு வந்தது நாக்கில்தான் என்று சத்தியம் செய்வீர்கள்.

நடந்தது இதுதான். மெல்லும்போது உணவிலிருந்து ஆவியாகக்கூடிய மூலக்கூறுகள் விடுபடுகின்றன. வாய்ச் சூடும் எச்சிலும் அவற்றைக் கிளப்பிவிடுகின்றன. விழுங்கும் நொடியில் மெல்லண்ணம் மேலே எழுந்து மூக்குக்குப் போகும் வழியை அடைத்துக்கொள்ளும். சாப்பாடு மூக்கில் ஏறாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. விழுங்கி முடித்ததும் அந்தக் கதவு திறக்கும். உடனே ஒரு சின்ன மூச்சு வெளியே போகும். பெரும்பாலும் விழுங்கியபின் மூச்சு உள்ளே வராது, வெளியேதான் போகும். கவனித்துப் பாருங்கள், தெரியும். அந்த ஒரு மூச்சு தொண்டையில் ஒட்டியிருக்கும் மணத்தையெல்லாம் வாரிக்கொண்டு, அண்ணத்துக்குப் பின்னால் ஏறி, மூக்கின் கூரையில் தபால்தலை அளவே உள்ள ஒரு சவ்வைத் தொடுகிறது. அங்கே சுமார் 400 வகை மண ஏற்பிகள், அதாவது மண மூலக்கூறுகளைப் பிடித்து அடையாளம் காணும் புரதங்கள், காத்திருக்கின்றன. இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் கண்டுபிடித்தார்கள். 2004இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

நாக்குக்கு ஐந்து சுவை, மூக்குக்கு 400 ஏற்பி. ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தட்டும், ஓர் ஏற்பியைப் பல மூலக்கூறுகள் தட்டும். எழுத்துகள் சேர்ந்து சொற்கள் ஆவதுபோல இவை சேர்ந்து எண்ணற்ற மணங்கள் ஆகின்றன. ஒரு நாட்டுச் சமையலை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த எழுத்துக்கூட்டுதான். உப்பும் இனிப்பும் எங்கே போனாலும் ஒன்றுதான்.

இதில் என்னை எப்போதும் வியக்க வைப்பது, மூளை இந்த மணத்தை வாயில் கொண்டுபோய் ஒட்டுவது. தொலைக்காட்சியில் பேசுபவரின் குரல் ஒலிபெருக்கியிலிருந்து வந்தாலும் அவர் உதட்டிலிருந்து வருவதாகத்தானே நமக்குத் தோன்றுகிறது? அதுபோல, நாக்கு எதையோ தொட்டுக்கொண்டும் சுவைத்துக்கொண்டும் இருக்கும் அதே நேரத்தில் மணம் வருவதால், அதுவும் நாக்கிலேயே நடப்பதாக மூளை எழுதிவிடுகிறது. மூக்கின் வழியே முகர்வதும் வாயின் வழியே முகர்வதும் கிட்டத்தட்ட இரண்டு தனிப் புலன்கள் என்று 1982இல் பால் ரோஜின் என்ற உளவியலாளர் எழுதினார். பின்னர் 2005இல் சாக்லேட் மணத்தை இரண்டு வழியிலும் தனித்தனியே அனுப்பி மூளையைப் படம் பிடித்தபோது, ஒரே மணத்துக்கு மூளை வெவ்வேறு விதமாக வேலை செய்தது. காப்பியின் வாசனைக்கு மயங்கி வாயில் வைத்தவுடன் ஏமாறுபவர்கள் உண்டு. சீஸில் இது தலைகீழ்.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு நண்பர் வீட்டில் லிம்பர்கர் வகைச் சீஸ் ஒன்றை என் முன்னால் வைத்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் பிசுபிசுவென்று தோல். கத்தி உள்ளே போனது, வெளியே வரும்போது மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு மழையில் நனைந்து காயாத காலுறையின் வாசம் அடித்தது. மரியாதைக்காக ஒரு சின்னத் துண்டை வாயில் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். பிடித்த மூச்சை விட்டுத்தானே ஆக வேண்டும்? விட்டேன். வெண்ணெயும் வறுத்த கொட்டையும் கலந்தாற்போல் ஒரு மணம் தொண்டையிலிருந்து மேலே வந்தது. காலுறை எங்கேயோ பின்னால் போய்விட்டது. இரண்டாவது துண்டை நானே வெட்டிக்கொண்டேன்.

காலுறை வாசம் என் கற்பனை இல்லை. அந்தச் சீஸின் தோலில் வளரும் பிரெவிபாக்டீரியம் என்ற நுண்ணுயிரின் நெருங்கிய உறவினர்கள் மனிதர்களின் கால்விரல் இடுக்கிலும் வாழ்கிறார்கள். அங்கேயும் இங்கேயும் ஒரே மாதிரி மூலக்கூறுகளை வெளியிடுகிறார்கள். மலேரியா பரப்பும் ஒரு வகைக் கொசு, கால் மணத்துக்கு வருவதுபோலவே லிம்பர்கர் சீஸுக்கும் வரும் என்று 1996இல் காட்டினார்கள். கொசுவின் மூக்கும் என் மூக்கும் சரியாகத்தான் சொன்னோம். மூலக்கூறு அதுதான். அது பிடிக்குமா, பிடிக்காதா என்பது மட்டும் மூலக்கூறில் எழுதியிருக்கவில்லை.

வேறு எங்கே எழுதியிருக்கிறது? 2001இல் ரேச்சல் ஹெர்ஸும் அவருடைய சக ஆய்வாளரும் இரண்டு அமிலங்களைக் கலந்து முகரக் கொடுத்தார்கள். ஒருமுறை 'பர்மேசன் சீஸ்' என்றார்கள், இன்னொரு முறை 'வாந்தி' என்றார்கள். கலவை ஒன்றே. சீஸ் என்றபோது நன்றாக இருக்கிறது என்றவர்கள், வாந்தி என்றபோது முகம் சுளித்தார்கள். 2005இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதே போன்ற சோதனையை மூளைப் படத்தோடு செய்தார்கள். 'செடார் சீஸ்' என்ற பெயருக்கும் 'உடல் நாற்றம்' என்ற பெயருக்கும் ஏற்ப மூளையின் வினையே மாறியது. வாய் மட்டும் சொன்ன பொய் இல்லை அது, உள்ளே உண்மையிலேயே வேறொன்றை அனுபவித்திருக்கிறார்கள். நாம் இதை நம் மொழியிலேயே பார்க்கலாம். பழந்தமிழில் நாற்றம் என்றால் மணம்தான். மொட்டுக்குள் இருக்கும் வாசனையையும் நாற்றம் என்றே சொன்னார்கள். இன்று அதே சொல்லைக் கேட்டாலே மூக்கு சுருங்குகிறது.

பெயருக்கு இவ்வளவு என்றால், பிறந்ததிலிருந்து சாப்பிட்ட பழக்கத்துக்கு எவ்வளவு இருக்கும்? பிறந்ததிலிருந்து என்பதும் தவறு, அதற்கும் முன்பே தொடங்குகிறது. தாய் சாப்பிடும் உணவின் மணம் பனிக்குட நீரில் கலக்கிறது. குழந்தை அதை விழுங்கிக்கொண்டும் மூக்கில் வாங்கிக்கொண்டும் இருக்கிறது. பிரான்ஸில் கருவுற்றிருந்தபோது சோம்பு மணம் உள்ளவற்றைச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகள், பிறந்த சில மணி நேரத்திலேயே சோம்பு மணத்தை நோக்கித் திரும்பின. மற்றக் குழந்தைகள் அதைக் கண்டுகொள்ளவில்லை, சில முகம் கோணின. இது 2000ஆம் ஆண்டு ஆய்வு. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஜூலி மெனெல்லா குழு, கருவுற்ற கடைசி மாதங்களிலோ பாலூட்டும் காலத்திலோ கேரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், திட உணவு தொடங்கியபோது கேரட் கலந்த கூழை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டதைக் காட்டியது. எனக்கு மிகவும் பிடித்தது 2022இல் இங்கிலாந்தில் நடந்தது. கேரட் தூளையோ கேல் என்ற கசப்புக் கீரையின் தூளையோ மாத்திரை உறையில் வைத்துத் தாய்க்குக் கொடுத்து, சற்று நேரம் கழித்து ஸ்கேனில் குழந்தையின் முகத்தைப் பார்த்தார்கள். கேரட் என்றால் உதட்டோரம் விரிந்து சிரிப்பதுபோன்ற முகம். கீரை என்றால் உதடு பிதுங்கி அழப்போகிற முகம்.

அந்த டப்பாக்காரர் தன் உணவின் மணத்தை முதன்முதலில் அறிந்தது இப்படித்தான். அப்புறம் தாய்ப்பாலில், அப்புறம் அடுப்படியில், பசித்த நேரத்தில் வயிறு நிறைந்த ஒவ்வொரு முறையும் பின்வாசல் வழியாக. அவருக்கு நாற்றம் தெரியாமல் இல்லை. உங்களுக்குத் தெரிவது அவருக்கும் தெரியும், ஏறக்குறைய. அவர் மூளையில் அதற்குப் பக்கத்தில் ஆயிரம் வேளைச் சாப்பாடு ஒட்டியிருக்கிறது, உங்கள் மூளையில் அந்த இடம் காலி.

'ஏறக்குறைய' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எந்த இரண்டு பேரை எடுத்துக்கொண்டாலும் மண ஏற்பிகளில் சுமார் 30 சதவீதம் வேறுபட்டு இயங்குகின்றன. கொத்தமல்லித் தழை சிலருக்குச் சோப்பு போல மணப்பது பிரபலமான உதாரணம். தழையில் இருக்கும் ஆல்டிஹைடுகள் என்ற வேதிப்பொருள்கள் சோப்பு மணத்தோடு ஒத்துப்போகின்றன. அவற்றைப் பிடிக்கும் ஏற்பி மரபணு ஒன்றின் அருகே உள்ள வேறுபாட்டுக்கு இதில் ஒரு பங்கு உண்டு என்று 2012இல் தெரிந்தது. பங்கு சிறியதுதான். கனடாவில் எடுத்த கணக்கில், கிழக்காசிய வம்சாவளியினரில் 21 சதவீதம் பேர் கொத்தமல்லி பிடிக்காது என்றார்கள், மத்திய கிழக்கு வம்சாவளியினரில் 3 சதவீதம்தான். கொத்தமல்லி தினமும் சமையலில் விழும் வீடுகளில் பிடிக்காதவர்கள் குறைவு. மரபணுவை விட அடுப்படிதான் அதிகம் பேசுகிறது என்று நான் நினைக்கிறேன்.

முகம் சுளிப்பதோடு நின்றால் பரவாயில்லை. அதற்கு விஞ்ஞானச் சாயம் பூசும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. 1908இல் ஜப்பானில் கிகுனே இகெடா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அஜினோமோட்டோ என்று நாம் அறிவது அதன் உப்பு. 1968இல் ஒரு மருத்துவர், சீன உணவகத்தில் சாப்பிட்டபின் கழுத்து மரத்துப்போகிறது என்று ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். சமையல் ஒயினா, உப்பா, அஜினோமோட்டோவா என்று சந்தேகமாகக் கேட்ட கடிதம்தான் அது. ஆனால் இதழில் அதற்கு வைத்த தலைப்பு ஒரு நோயின் பெயராகவே ஊர் ஊராகப் பரவியது. எது குளூட்டமேட், எது வெற்று மாத்திரை என்று கொடுப்பவருக்கும் சாப்பிடுபவருக்கும் தெரியாமல் பின்னால் செய்த சோதனைகளில் அந்தத் தொந்தரவுகள் உணவோடு சேர்த்துச் சீராக வரவே இல்லை. தக்காளியில் அது இருக்கிறது, பர்மேசன் சீஸில் ஏராளமாக இருக்கிறது, தாய்ப்பாலிலும் இருக்கிறது. இத்தாலியச் சாப்பாட்டுக்கு அப்படி ஒரு நோயின் பெயர் யாரும் வைக்கவில்லை. இது மூடநம்பிக்கை. அதுவும் அடுத்தவர் தட்டைப் பார்த்து மட்டுமே வரும் மூடநம்பிக்கை.

2020இல் பெருந்தொற்று வந்து கோடிக்கணக்கானவர்கள் மூக்கை இழந்தபோதுதான், சாப்பாடு அட்டை மாதிரி ஆகிவிட்டது என்று உலகம் முழுக்கப் புலம்பினார்கள். கண்ணுக்கும் காதுக்கும் சோதனை செய்வதுபோல மூக்குக்கு ஏன் செய்வதில்லை என்று அப்போதாவது அரசுகள் கேட்டிருக்க வேண்டும். மணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்ட வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அவர் டப்பாவைத் திறக்கும்போது எழுந்து போகாமல் ஒரு சின்னத் துண்டு கேளுங்கள். அது என்ன, அவர் வீட்டில் யார் செய்வார்கள் என்று முதலில் அவரையே சொல்லச் சொல்லுங்கள், பெயருக்கு இருக்கும் பலத்தைப் பார்த்தோமே. வாயை மூடி மெதுவாக மென்று விழுங்குங்கள். விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சை நிதானமாக வெளியே விட்டு, பின்வாசலில் என்ன வருகிறது என்று கவனியுங்கள். முதல் முறையே பிடிக்க வேண்டும் என்பதில்லை. குழந்தைகள் ஒரு புதிய காயை ஏற்றுக்கொள்ளவே எட்டு, பத்து முறை கொடுக்க வேண்டியிருக்கிறது.