பள்ளித் தோட்டத்துக் கீரை சத்துணவு அடுப்புக்குப் போகணும்

பள்ளித் தோட்டம் என்றதும் வாசலில் நாலு குரோட்டன்ஸ், சுற்றிலும் சுண்ணாம்பு அடித்த செங்கல் என்றுதான் பலருக்கும் நினைவு வரும். மத்திய அரசு 2019 அக்டோபரில் வழிகாட்டுதல் கொடுத்த ‘பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டம்’ வேறு. அதில் விளைவது மதிய உணவில் சேர வேண்டும். விதைப்பதும் பறிப்பதும் பிள்ளைகளுக்குப் பாடம். மதிய உணவுத் திட்டம் 2021-ல் பி.எம். போஷன் என்று பெயர் மாறிய பிறகும் இது தொடர்கிறது.

இடம் இல்லை என்று தட்டிக்கழிக்க முடியாது. மொட்டை மாடி, தொட்டி, பழைய டப்பா எதுவானாலும் சரி.

பணம் கொஞ்சம்தான். தோட்டத்துக்குச் சராசரியாக 5,000 ரூபாய். பள்ளிக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துப் பிரிப்பது ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு. ஆடு புகாமல் வேலி போட்டாலே பாதி போய்விடும்! விதைக்கும் யோசனைக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தைக் கேட்கலாம் என்று வழிகாட்டுதலே சொல்கிறது. எங்கள் சேலம் மாவட்டத்துக்கு அது சந்தியூரில் இருக்கிறது.

எவ்வளவு விளைந்தால் போதும்? தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளுக்கு 50 கிராம் காய்கறி, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 75 கிராம் என்பது மதிய உணவு விதி. 60 சின்னப் பிள்ளைகள் என்றால் தினமும் 3 கிலோ. நாலு பாத்தியில் அது வராது. அதனால் சந்தையில் காய் வாங்குவது நிற்காது. தோட்டம் கூடுதலாகக் கொடுப்பதுதான். என் கணக்கில் கீரையும் முருங்கையும்தான் லாபம். ஆடிப்பட்டத்தில் தூவிய அரைக்கீரை ஒரு மாதத்தில் அறுப்புக்கு வரும். தான் தண்ணீர் ஊற்றிய கீரை சாம்பாரில் கிடந்தால் எந்தப் பிள்ளையும் ஒதுக்கி வைக்காது.

சேலம் மாவட்டத்துக்குள்ளேயே, சமவெளியில் இருக்கும் ஓமலூருக்கு ஒத்துவருவது மலைமேல் இருக்கும் ஏற்காட்டுக்கு ஒத்துவராது. கீழே கத்தரி, வெண்டை, அகத்தி. சேர்வராயன் மலைமேல் பீன்ஸ், சௌசௌ. மலையில் சௌசௌ பந்தல் ஒன்று போட்டால் ஒரு வகுப்பே அதன் நிழலில் உட்காரலாம். ஒரே மாவட்டத்துக்குள் உயரம் கூடினால் பயிர் மாறுவதைக் காட்ட இதைவிட நல்ல பாடம் எது? இரண்டு பள்ளிகள் விதைப்புக் குறிப்பை மாற்றிக்கொண்டால் போதும்.

தோட்டம் சாவது பெரும்பாலும் மே மாதத்தில். கோடை விடுமுறைக்குப் பூட்டினால் ஜூனில் சருகுதான் மிஞ்சும். ஏப்ரல் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே, பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பெற்றோர் யார் யார், எந்தக் கிழமை தண்ணீர் விடுவது என்று எழுதி வைத்துவிடுங்கள். கேட் சாவி ஒன்று அவர்களிடம் இருக்கட்டும்.