பென் டிஸ்ப்ளேயில் வரைகிறவர்களுக்கு: எல்லாக் கைவலியும் கார்பல் டனல் இல்லை

போன வாரம் என்னிடம் சிகிச்சைக்கு வந்த பெண்ணுக்கு வயது 23. பென் டிஸ்ப்ளேயில், அதாவது பேனாவால் நேராகத் திரையின் மேலேயே வரையும் கருவியில், வீட்டிலிருந்தே காமிக்ஸ் பக்கங்களுக்கு வண்ணம் தீட்டிக் கொடுக்கிறாள். உள்ளே வரும்போதே வலது மணிக்கட்டில் கறுப்பு ஸ்ப்ளின்ட், மணிக்கட்டை அசையாமல் பிடிக்கும் கட்டு. "எனக்குக் கார்பல் டனல் மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். யார் பார்த்துச் சொன்னது என்று கேட்டேன். ஏதோ வீடியோவாம். ஸ்ப்ளின்ட்டும் ஆன்லைனில் வாங்கியது. இரண்டு மாதமாக அதை மாட்டிக்கொண்டே தினமும் எட்டு மணி நேரம் வரைந்திருக்கிறாள்.

"எந்த விரல்மா மரத்துப் போகுது?"

சுண்டுவிரலைக் காட்டினாள். அப்புறம் மோதிர விரலில் பாதியை.

இந்த மாதத்தில் மட்டும் இப்படி ஸ்ப்ளின்ட்டோடு வந்தவர்களில் இவள் நான்காவது ஆள். நான்கு பேருக்குமே கார்பல் டனல் இல்லை. பிசியோதெரபிஸ்டாக இதை நேரில் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இப்போது எழுதியும் வைக்கிறேன்.

கார்பல் டனலில் நெருக்கப்படுவது மணிக்கட்டின் உள்பக்கம் வழியாகப் போகும் மீடியன் நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவ்வளவுதான் அதன் எல்லை. சுண்டுவிரல் அதில் கிடையாது. ராத்திரி மரத்துப்போய்த் தூக்கம் கலையும், கையை உதறினால் கொஞ்சம் தேவலை என்றிருக்கும். சுண்டுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு, அல்நார் நரம்பு. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் ஷாக் அடித்த மாதிரி விரல் வரை சுரீரென்று பாயுமே, அதே நரம்புதான். முழங்கையின் உள்பக்கம், எலும்புக்குப் பின்னால், தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. இந்தப் பெண் வரைவது வீட்டு டைனிங் டேபிளில். மேலே கிரானைட். அதன் விளிம்பில்தான் நாள் முழுக்க முழங்கையை ஊன்றியிருக்கிறாள். கோளாறு முழங்கையில், கட்டுப் போட்டது மணிக்கட்டில்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. மரப்பே இருக்காது. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் வலி. பேனாவை இறுக்கிப் பிடித்தாலோ பாட்டில் மூடியைத் திருகினாலோ உயிர் போகும். இதில் நரம்புக்குச் சம்பந்தமே இல்லை, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணைச் சுற்றியுள்ள உறைதான் பிரச்சினை. 1895-இல் சுவிஸ் அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வைன் விவரித்ததால் அவர் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது. இதற்குக் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் வேண்டும். கட்டைவிரலை வெளியே விட்டுவிடும் சாதாரண ஸ்ப்ளின்ட்டால் பெரிய பயன் இல்லை. இன்னொன்று: கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையைக் கீழே சாய்க்கும் சோதனையை வீடியோவில் பார்த்துவிட்டு, "இன்னும் வலிக்குதா" என்று தினமும் பத்து முறை செய்து பார்க்கிறார்கள். வீங்கிய இடத்தைத் திரும்பத் திரும்ப இழுத்தால் எப்படி ஆறும்? அதை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

எந்த ஸ்ப்ளின்ட்டாக இருந்தாலும் சரி, அதை மாட்டிக்கொண்டு வரையாதீர்கள். அது கைக்கு ஓய்வு கொடுக்கத்தான். கார்பல் டனலுக்குக்கூட முக்கியமாக ராத்திரியில் போடத்தான் சொல்வோம். மணிக்கட்டைக் கட்டிவிட்டு வரைந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், பத்து நாளில் கழுத்துவலியும் சேர்ந்து வருவீர்கள்.

சரி, மேசைக்கு வருவோம். திரையில்லாத டேப்லெட்டில் (பேனாவால் வரையும் வெறும் பலகை) வரைந்தபோது நிமிர்ந்து மானிட்டரைப் பார்த்தீர்கள். பென் டிஸ்ப்ளே வாங்கியதும் கை இருக்கும் இடத்தையே பார்க்கிறீர்கள், தலை தானாகக் கவிழ்கிறது. தலையின் எடை ஏறக்குறைய ஐந்து கிலோ, ஒரு சின்ன அரிசிப் பை. இவ்வளவு விலை கொடுத்துத் திரை வாங்குகிறவர்கள் ஸ்டாண்டில் மிச்சம் பிடிக்கிறார்கள். கூடவே வரும் குட்டிக் கால்களை மட்டும் நம்பாதீர்கள். கழுத்து வளையாமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்க்கும் அளவுக்குத் திரையை நிமிர்த்துங்கள். பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வாக இருந்தால் கெட்டியான தலையணை போட்டு உயர்ந்து உட்காருங்கள், கால் தொங்கினால் கீழே ஒரு முக்காலி. கட்டிலில் சம்மணம் போட்டு மடியில் வைத்து வரைவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது அழுத்தம். இன்றைய பேனாக்களில் பல 8192 படிநிலை அழுத்தத்தைப் பிரித்தறியும். அதை வைத்துக்கொண்டு நாலுவரி நோட்டில் எழுதிப் பழகிய அதே அழுத்தத்தோடு வரைகிறார்கள். வரையும்போது ஆள்காட்டி விரலின் நகத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் அதிகமாக அழுத்துகிறீர்கள். நிப் சில வாரங்களிலேயே சாய்வாகத் தேய்ந்தாலும் அதேதான். டிரைவர் செட்டிங்கில் பிரஷர் கர்வை (எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்று காட்டும் வளைகோடு) மென்மையான பக்கம் நகர்த்துங்கள், லேசாகத் தொட்டாலே தடித்த கோடு விழும். இலவச மென்பொருளான கிரிட்டாவிலும் இந்த வசதி உண்டு. இரண்டு நிமிட வேலை. செய்தவர்கள் மிகச் சிலர்தான்.

நீளமான வளைவுகளைத் தோளிலிருந்து இழுங்கள். சென்னையில் சினிமா பேனர் வரைந்த ஓவியர்கள் அத்தனை பெரிய முகங்களை மணிக்கட்டை ஆட்டி வரையவில்லை, முழுக் கையையும் வீசித்தான் வரைந்தார்கள். கோணம் வசதிப்படவில்லை என்றால் கையை முறுக்காமல் திரையில் உள்ள கேன்வாஸைத் திருப்புங்கள். இடது கைக்கும் இரக்கம் காட்டுங்கள். பெரிய திரைக்கு அப்பால் கீபோர்டைத் தள்ளிவைத்து, ஒவ்வொரு அண்டூவுக்கும் (கடைசியாகச் செய்ததை ரத்து செய்வது) எட்டிப் போவதால் இடது தோள் வலியோடு வருகிறவர்களும் உண்டு. கண்ணைப் பற்றிக் கண் மருத்துவர்கள் சொல்வதையே சொல்கிறேன்: 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்தை 20 விநாடி பாருங்கள். அப்போதே எழுந்து நின்றுவிட்டால் கழுத்துக்கும் நல்லது.

கையிலிருந்து பொருள் நழுவினாலோ, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் உள்ள சதை குழி விழுந்தாலோ உடற்பயிற்சி வீடியோ தேடாதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள், நரம்புச் சோதனை தேவைப்படலாம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பெண்ணின் அம்மா, "வரையறதையே நிறுத்தச் சொல்லுங்க மேடம்" என்றார். அது அவளுடைய வேலை, சம்பாத்தியம். நிறுத்தச் சொன்னால் வலியை உங்களிடமிருந்து மறைப்பாள். ஒரு நல்ல மேசை வாங்கிக் கொடுங்கள்.

ஸ்ப்ளின்ட்டைக் கழற்றி வைக்கச் சொன்னேன். மேசை விளிம்பில் மடித்த டவல், ராத்திரி முழங்கை மடங்காமல் சுற்ற இன்னொரு டவல். மூன்று வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன். அவளிடம் கேட்டதையே உங்களிடமும் கேட்கிறேன்: எங்களைப் பார்க்க வரும்போது, நீங்கள் வரைந்துகொண்டிருக்கும்போது பக்கவாட்டிலிருந்து யாராவது எடுத்த போட்டோ ஒன்று கொண்டுவாருங்கள். முழங்கை எங்கே ஊன்றியிருக்கிறது என்பது அதில் தெரிய வேண்டும்.